ஏழு பாகைக்குக் கீழே

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டுவது குற்றம். 2008இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தொடக்கத் திகதி டிசம்பர் 15 ஆக இருந்தது. முதல் பனி திகதி பார்த்து விழுவதில்லை என்பதால் 2019இல் இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்தார்கள். பக்கத்து ஒன்ராறியோவில் கட்டாயம் கிடையாது. ஆனால் 2016 ஜனவரி முதல், குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆகவேண்டும். நோர்வேயில் சட்டம் டயரின் வெட்டு ஆழத்தைப் பார்க்கிறது: குளிர்காலத்தில் அது 3 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. மொன்றியலிலும் ஸ்காபரோவிலும், 1980களில் மீன் தொழிற்சாலை வேலைக்கென்று நம்மவர்கள் போய்ச் சேர்ந்த வட நோர்வேயின் ஃபின்மார்க் கரையோரத்திலும், ஒக்டோபர் பிறந்ததும் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும்.

வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையில், ஏ15 வீதியோரம் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாங்கேணியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மார்கழி என்றால் மழை. எங்களுக்குத் தெரிந்த டயர் இரண்டு வகைதான்: நல்ல டயர், மொட்டை டயர். பனிக்கென்று தனியாக நான்கு டயர், அதற்கென்று தனியாக நான்கு ரிம் என்றால் வியாபாரிகள் கட்டிவிட்ட கதையாகத்தான் தோன்றும்.

மொன்றியலில் இருக்கும் என் மருமகனுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். சயன் எஃப்ஆர்-எஸ்: டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து 2012இல் கொண்டுவந்த, பின் சில்லுகளை மட்டும் எஞ்சின் தள்ளும் இரட்டைக் கதவு வண்டி. பிற்பாடு டொயோட்டா 86 என்ற பெயரில் வந்ததும் இதுதான். சுபாரு பிஆர்இசட் இதன் இரட்டைப் பிறவி. “மாமா, காருக்குக் குடுத்ததில கால்வாசி டயருக்கே போயிரும் போல இருக்கு. கோடை டயரோடயே மெல்ல ஓட்டினா என்ன?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலின் விரிந்த வடிவம்தான் இது. ஏனென்றால் விஞ்ஞானம் சொல்வதும் பணப்பை கேட்பதும் ஒன்றாகவே இருக்கும் இடங்கள் வாழ்க்கையில் அதிகமில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்குக் குளிர்கால டயர் போடுவது அப்படிப்பட்ட ஓர் இடம்.

முதலில், கோடை டயர் குளிரில் ஏன் கெட்டுப்போகிறது? பனியில் வழுக்குவதால் என்று பலர் நினைக்கிறார்கள். பனியே இல்லாத, ஈரமே இல்லாத வெறும் தார் வீதியிலும், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே போனால் கோடை டயரின் பிடிப்பு இறங்கத் தொடங்குகிறது. காரணம் இறப்பருக்குள் இருக்கிறது.

கோயில் திருவிழாக் கடையில் கச்சான் அல்வா செய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அடுப்பில் சீனிப்பாகு ஓடும். இறக்கிவைத்தால் இழுபடும். ஆறியபின் தட்டினால் சடக்கென்று உடையும். நீர் பனிக்கட்டியாவதுபோல ஒரு குறித்த புள்ளியில் அது உறைந்துவிடவில்லை. மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாக அசைய முடியாமல் போய், இருந்த இருப்பிலேயே நின்றுவிட்டன. இறப்பரும் அப்படித்தான். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சுருண்டு பிணைந்து கிடக்கின்றன. சூட்டில் அவை ஓயாமல் நெளிகின்றன. நெளிவதால்தான் இறப்பர் அமுங்குகிறது, மீள்கிறது. குளிரக் குளிர நெளிவு மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றேவிடும். அந்த எல்லைக்குக் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று பெயர். இயற்கை இறப்பருக்கு அது கிட்டத்தட்ட −70 பாகை. பொலிபியூட்டாடையீன் என்ற செயற்கை இறப்பருக்கு இன்னும் கீழே, −100ஐ ஒட்டி. கார் டயர்களில் அதிகம் சேரும் ஸ்டைரீன்-பியூட்டாடையீன் இறப்பரில் ஸ்டைரீனின் பங்கு கூடக் கூட அந்த எல்லை மேலே ஏறிக்கொண்டே வரும்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். கோடை டயரின் எல்லையும் பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழேதான் இருக்கிறது. அப்படியானால் 7 பாகையிலேயே என்ன அவசரம்?

விடை வேகத்தில் இருக்கிறது. டயர் வீதியைப் பற்றுவது வீதியின் கரடுமுரட்டில் இறப்பர் புகுந்து புகுந்து வெளிவருவதால். பிரேக் பிடிக்கும்போது டயரின் மேற்பரப்பு செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில் வழுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீதியின் நுண்ணிய மேடுகள் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு இடைவெளியில் இருந்தால், இறப்பர் செக்கனுக்கு 10,000 முறை அமுங்கி எழ வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு செக்கனின் பத்தாயிரத்திலொரு பங்கு. மந்தமாக நெளியும் சங்கிலிக்கு அது போதாது. கையால் அமுக்கிப் பார்த்தால் மெத்தென்றிருக்கும் அதே இறப்பர், வீதியின் வேகத்தில் விறைத்த கட்டையாக நடந்துகொள்ளும். வேகம் கூடுவதும் குளிர் கூடுவதும் இறப்பருக்கு ஒன்றே என்பதைக் கணக்காக எழுதிக் காட்டியவர்கள் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி என்ற மூவர், 1955இல். 1963இல் குரோஷ் என்பவர் அதே கணக்கு உராய்வுக்கும் பொருந்துவதைச் சோதனையில் நிறுவினார். ஆகவே கராஜில் டயரை நகத்தால் கீறிப் பார்த்து “இன்னும் மெது இருக்கு” என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தில் பொருளில்லை.

குளிரில் இறப்பர் சோம்பேறியாவதை உலகமே பார்த்த நாள் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்ணோடம் புளோரிடாவில் ஏவப்பட்டபோது வெப்பநிலை 2 பாகை அளவில் இருந்தது. 73 செக்கனில் ஓடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், பெப்ரவரி 11 அன்று கமராக்களின் முன்னால், விண்ணோடத்தில் இருந்த முத்திரை வளையத்தின் இறப்பர்த் துண்டை ஒரு கௌவியில் இறுக்கி ஐஸ் தண்ணீர்க் குவளைக்குள் வைத்து எடுத்தார். கௌவியைத் தளர்த்தினார். நசுங்கிய இறப்பர் உடனே மீளவில்லை. டயருக்கும் அதே நோய்தான்.

அப்படியானால் எல்லா டயர்களையும் எல்லை தாழ்ந்த இறப்பரிலேயே செய்துவிட்டால் என்ன? செய்யலாம், கோடையில் பிரேக் பிடிக்காது. பற்றும் விசையில் பெரும் பங்கு, இறப்பர் அமுங்கி எழும்போது சக்தியை விழுங்கி வெப்பமாக்குவதால் வருகிறது. மிகச் சுறுசுறுப்பாக மீளும் இறப்பர் சக்தியை விழுங்காமல் அப்படியே திருப்பித் தந்துவிடும். சோம்பலும் வேண்டும், அளவோடும் இருக்க வேண்டும். அந்த அளவு எந்த வெப்பநிலையில் அமைய வேண்டும் என்பதைத்தான் டயர் செய்பவர்கள் தெரிவு செய்கிறார்கள். கோடை டயரை 15 பாகைக்கு மேலான வீதிக்கும், குளிர்கால டயரை 7க்குக் கீழான வீதிக்கும் சமைக்கிறார்கள். பின்னதில் இயற்கை இறப்பரின் பங்கும் பொலிபியூட்டாடையீனின் பங்கும் கூடும். கரித்தூளுக்குப் பதிலாகச் சிலிக்கா சேரும்.

இயற்கை இறப்பர் சேருவதில் ஒரு வேடிக்கை உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து 70,000 இறப்பர் விதைகளை இலண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவில் ஹெனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. அந்த மரத்துக்கு உறைபனியே ஆகாது. ஒரு நல்ல குளிர் இரவு போதும், கருகிவிடும். கேகாலையிலும் களுத்துறையிலும் மழையும் வெயிலும் தின்று வளர்கிற மரத்தின் பால், −20 பாகையில் மொன்றியல் வீதியைப் பற்றிக்கொண்டு நிற்கிறது.

இனி வெண்பனியும் கட்டிப்பனியும். இரண்டுக்கும் உத்தி வேறு. வெண்பனியில் டயர் பனியை நம்பியே ஓடுகிறது: அகன்ற பள்ளங்களுக்குள் பனி இறுகிப் புகுந்து, வீதியில் கிடக்கும் பனியோடு ஒட்டிக்கொள்கிறது. பனி பனியைப் பிடிப்பதுபோல இறப்பர் பனியைப் பிடிக்காது. பள்ளத்தில் பனி அடைந்துபோன டயரைக் கண்டு பதற வேண்டாம். அது வேலை செய்துகொண்டிருக்கிறது. குற்றிகளின் மேல் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய கீறல்கள் இருக்கும். அவற்றுக்கு 1923இல் காப்புரிமை பெற்ற ஜோன் சைப்பின் பெயரே நிலைத்துவிட்டது. இறைச்சி அறுக்கும் இடத்தில் வேலை பார்த்த மனிதர், ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தன் சப்பாத்து அடியைக் கீறிக்கொண்டார் என்று கதை சொல்வார்கள். ஒவ்வொரு கீறலும் ஒரு புதிய விளிம்பு.

கட்டிப்பனி வேறு விதமான எதிரி. −20 பாகையில் அது ஓரளவு பிடிக்கும். பூச்சியத்தை ஒட்டி வரும்போதுதான் ஆள்கொல்லி. 1939இல் பௌடனும் ஹியூஸும் காட்டியதுபோல, உராய்வின் சூடே பனியின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது. உருகுநிலைக்கு அருகில் அந்தப் படலம் தடித்துவிடும். முன்பு இதற்கு ஆணி வைத்த டயர்தான் மருந்து. ஜப்பானின் செண்டாய் நகரத்தில் அந்த ஆணிகள் வீதியையே அரைத்துத் தூசியாகக் கிளப்பியதில் மக்கள் மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள். 1990இல் அதற்கு எதிராகச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு முந்தியே, 1988இல், பிரிஜ்ஸ்டோன் நிறுவனம் ‘பிளிசாக்’ என்ற ஆணியில்லா டயரை இறக்கியிருந்தது. அதன் இறப்பர் முழுக்க நுண்துளைகள். நீர்ப்படலத்தை உறிஞ்சி வழிவிடும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் பள்ளிக்கூடக் கணக்கு போதும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய் முழு பிரேக் பிடித்தால், உராய்வுக் குணகம் 0.8 உள்ள காய்ந்த வீதியில் 12 மீற்றரில் நிற்கலாம். 0.3 கிடைக்கும் இறுகிய பனியில் 33 மீற்றர். 0.2க்கு இறங்கினால் 49. கட்டிப்பனியில் 0.1 என்றால் 98 மீற்றர். பனியில் நல்ல குளிர்கால டயருக்கும் விறைத்த கோடை டயருக்கும் உள்ள தூரம் 33க்கும் 49க்கும் இடைப்பட்டது போன்றதுதான். ஆனால் அந்தப் 16 மீற்றருக்குள் ஒரு பாதசாரிக் கடவையே அடங்கிவிடும். மெல்ல ஓட்டினால் தூரம் குறையும் என்பது உண்மை. பின்னால் வருகிறவனும் மெல்ல வர வேண்டுமே. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்று பெருமைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ஏற்பாடு புறப்பட உதவும். நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் இருப்பது நான்கு டயர்தான்.

இப்போது காசுக்கு வருவோம். எஃப்ஆர்-எஸ் தொழிற்சாலையில் இருந்து வந்தபோது போட்டிருந்த டயர் 215/45 ஆர்17. அதாவது அகலம் 215 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம், 97 மில்லிமீற்றர். ரிம் 17 அங்குலம். மிச்லின் பிரைமஸி எச்பி என்ற அந்தக் கோடை டயர் டொயோட்டா பிரியஸுக்கும் போடப்பட்டதுதான் என்பதைக் கார்ப் பிரியர்கள் முதலில் நம்பவில்லை. ஸ்போர்ட்ஸ் காரென்றால் ஊர்ந்து போகும் டயரா என்று. மிதமான பிடிப்போடு வண்டி விளையாட வேண்டும் என்பதே வடிவமைத்தவர்களின் நோக்கம்.

குளிர்காலத்துக்கு இந்த அளவிலேயே வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? 205/55 ஆர்16 என்று ஓர் அளவு இருக்கிறது. ஐரோப்பாவில் மிக அதிகம் விற்கும் அளவுகளில் ஒன்று. எத்தனையோ குடும்பக் கார்கள் அதில்தான் ஓடுகின்றன. எல்லா நிறுவனமும் செய்கிறது, போட்டி இருக்கிறது, விலை இறங்குகிறது. ஜப்பானில் இதே 86இன் மலிவுப் பதிப்பு 16 அங்குல ரிம்மில் இந்த அளவோடுதான் விற்கப்பட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய டயரின் மொத்த விட்டம் 625 மில்லிமீற்றர், இதனுடையது 632. ஒரு வீதமே வித்தியாசம். வேகமானி 100 காட்டும்போது வண்டி முன்பைவிட ஒரு கி.மீ. கூடுதலாக ஓடும். சுமைச் சுட்டெண் முன்பு 87, அதாவது டயருக்கு 545 கிலோ. இதில் 91, அதாவது 615 கிலோ. எந்தக் குறையும் இல்லை.

குறையில்லாததோடு நிற்கவில்லை, பனியில் இதுவே நல்லதும்கூட. ஒடுங்கிய டயர் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டிய பனி குறைவு. மேல்பனியை வெட்டிக்கொண்டு கீழே இறுகிக் கிடக்கும் அடுக்கைத் தொட்டுவிடும். பக்கச் சுவர் 113 மில்லிமீற்றர் உயரமாக இருப்பதால் மொன்றியலின் பேர்போன வீதிக் குழிகளில் ரிம் வளைவதும் குறைகிறது.

மாங்கேணிக் கடற்கரைக்கு உழவு இயந்திரமோ பிக்கப்போ இறக்கியவர்கள் இங்கே மறுத்துப் பேசக்கூடும். மணலில் ஒடுங்கிய சில்லு புதையும். அகன்ற சில்லுதான் போகும். அதுவும் காற்றை இறக்கிவிட்டு, டயரைப் பரத்தித்தான் ஓட்ட வேண்டும். சரிதான். மணலுக்கு அடியில் தொடுவதற்கு வீதி இல்லை, எவ்வளவு வெட்டினாலும் மணல்தான். ஆகவே மேலே மிதக்க வேண்டும். நகரத்தின் பத்துச் சென்ரிமீற்றர் பனிக்கு அடியில் தார் இருக்கிறது. அதைத் தொடுவதில் இலாபம். ஆழம் தெரியாத பனிப்பாலைகளில் மாங்கேணி நியாயம்தான் செல்லும்: ஐஸ்லாந்துக்காரர்கள் பனியாற்றின் மேல் பெரும் டயர் போட்ட ஜீப்புகளை நான்கு பி.எஸ்.ஐ.க்கும் குறைவான காற்றோடு ஓட்டுகிறார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரின் கூர்மை போய்விடுமே என்ற முறைப்பாடு உண்மைதான். உயர்ந்த பக்கச் சுவர் வளையும். ஸ்டியரிங் திருப்பியபின் வண்டி சற்று யோசித்துத் திரும்பும். ஜனவரியில் அந்த யோசனை நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ரிம்மை ஏன் தனியாக வாங்க வேண்டும்? ஒரே ரிம்மில் டயரை ஆண்டுக்கு இருமுறை கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி, சமநிலைப்படுத்தும் செலவு, டயரின் உள்விளிம்பு கிழியும் ஆபத்து. நான்கு ரிம் கூடுதலாக இருந்தால் ஜாக்கியும் சாவியும் வைத்து வீட்டு வாசலிலேயே மாற்றலாம். சில குளிர்காலங்களில் ரிம்மின் விலை திரும்பிவிடும். வீதியில் கொட்டும் உப்பு அழகான அலோய் ரிம்மை அரிக்கும் என்பதால், கறுப்புப் பூசிய சாதாரண இரும்பு ரிம்மோ பழைய அலோயோ போதும்.

பழையது என்று தேடும்போதுதான் கண் திறந்திருக்க வேண்டும். இந்த வண்டியின் ஐந்து நட்டுகளும் 100 மில்லிமீற்றர் வட்டத்தில் அமைந்தவை. 2012 முதல் 2016 வரை வந்த சுபாரு இம்பிரெசாவின் 16 அங்குல ரிம்மும் அப்படித்தான், நடுத்துளை 56.1 மில்லிமீற்றர், உள்தள்ளல் 48, எல்லாம் பொருந்தும். அதில் ஓடிய டயரும் 205/55 ஆர்16 தான். குடும்பக் காரின் கழிவு ரிம் ஸ்போர்ட்ஸ் காருக்கு அளவெடுத்ததுபோல உட்காரும். சரி, டயரைப் பகிர்ந்துகொண்ட பிரியஸின் ரிம்? அதற்கும் ஐந்து நட்டு, அதே 100 மில்லிமீற்றர். ஆனால் நடுத்துளை 54.1. எஃப்ஆர்-எஸ்ஸின் அச்சுமுனை 56.1. இரண்டு மில்லிமீற்றர் குறைவு. ரிம் உள்ளே போகவே போகாது. துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் போதும், சிறிதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நட்டும் கவனம்: டொயோட்டாவின் பெயரில் விற்கப்பட்டாலும் மரை சுபாருவினது, 12×1.25. டொயோட்டாவின் 12×1.5 நட்டை அழுத்தித் திருகினால் இரண்டு சுற்றுக்குப் பின் மரை அழிந்துவிடும். ரிம்மின் ஸ்போக்குகள் பிரேக் கௌவியில் உரசாமல் இருக்கிறதா என்று ஒன்றை மாட்டிக் கையால் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். பிரெம்போ பிரேக் போட்ட பதிப்புகளுக்கு 17 அங்குலத்துக்குக் கீழே இறங்க முடியாது. நூறு கி.மீ. ஓடியபின் நட்டுகளை அளவு காட்டும் சாவியால் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் உண்டு. இழுக்கும் சில்லு இரண்டுக்கும் மட்டும் போதுமே என்று பின்னால் இரண்டு வாங்கினால், வண்டி உற்சாகமாகப் புறப்படும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாயும், அங்கே இருப்பது விறைத்த கோடை டயர். திருப்பவும் முடியாது நிற்கவும் முடியாது. முன் சில்லால் ஓடும் காருக்கு முன்னால் மட்டும் போட்டால் பின்புறம் சுழன்று முன்னுக்கு வந்துவிடும். நான்கு, அல்லது ஒன்றுமே இல்லை.

பழைய டயர் மலிவாகக் கிடைத்தால் பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஒட்சிசன் இறப்பரை ஆண்டுதோறும் கடினமாக்குகிறது. கோடை டயருக்கு அது மெல்லக் கொல்லும் நோய். மென்மைக்காகவே காசு கொடுத்து வாங்கும் டயருக்கு அதோடு கதை முடிந்தது. வெட்டு ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஒஸ்திரியாவில் அதைக் குளிர்கால டயராகவே ஏற்பதில்லை. முத்திரையையும் பார்க்க வேண்டும்: மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். 1999இல் வந்த அந்த முத்திரை, பனியில் இழுத்துச் சோதிக்கப்பட்ட டயருக்கு மட்டுமே கிடைக்கும். வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து, பள்ளங்களின் வடிவத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. இறப்பர் குளிர் தாங்குமா என்று அது எதுவும் சொல்லாது.

குளிர் இன்னொரு வழியாகவும் திருடும். வீட்டுக் கராஜில் 20 பாகையில் 32 பி.எஸ்.ஐ. காற்று அடித்தீர்கள். வெளியே −20. மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தம், வளிமண்டலத்தின் 14.7ஐயும் கூட்டினால் 46.7. கெல்வினில் 293இல் இருந்து 253க்கு வெப்பநிலை இறங்கும்போது அது 40.3 ஆகும். 14.7ஐக் கழித்தால் மானியில் 25.6. எங்கும் ஓட்டையில்லாமல் ஆறு பி.எஸ்.ஐ.க்கு மேல் போய்விட்டது.

இந்த டயர்கள் மாங்கேணிப் பக்கம் வருவதே இல்லை என்றும் நினைத்துவிடக்கூடாது. ஜப்பானில் இருந்து இறங்கும் பாவித்த வாகனங்கள் சில ஆணியில்லாக் குளிர்கால டயரோடேயே வந்துசேர்வதுண்டு. ஆழமான வெட்டு, பார்க்கப் புத்தம் புதிது, வாங்கியவருக்குச் சந்தோஷம். மத்தியானத் தார் 50 பாகையைத் தாண்டும் ஏ15இல் அந்த இறப்பர் அளவுக்கு மிஞ்சி இளகிவிடும். கீறல் நிறைந்த குற்றிகள் வளைந்து நெளியும், வளைவில் வண்டி ஆடும், பிரேக் தூரம் நீளும், ஓரிரு பருவத்தில் தேய்ந்தும் போகும். பக்கச் சுவரில் பனித்துகளைக் கண்டால் விற்றுவிட்டு வேறு வாங்குவது புத்தி.

எங்கள் வீதிக்குரிய வழுக்கல் நவம்பர் முதல் ஜனவரி வரை வரும் மழைத் தண்ணீர். தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தை நாசாவின் வோல்ட்டர் ஹோர்ன் 1960களில் விமானச் சில்லுகளை வைத்துக் கண்டுபிடித்தார்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது அது. மொட்டை டயரில் 32 பி.எஸ்.ஐ. இருந்தால் மணிக்கு 94 கி.மீ.யில் மிதக்கும். நல்ல வெட்டு இருந்தால் இன்னும் தாக்குப்பிடிக்கும். அதே மொட்டை டயரில் காற்று 20க்கு இறங்கியிருந்தால் 75 கி.மீ.யிலேயே சில்லு வீதியை விட்டுவிடும். வாழைச்சேனையைத் தாண்டி வீதி நேராகி, வான்காரர்கள் மிதிக்கத் தொடங்குவதும் அந்த வேகத்தில்தான்.